பால்கனியில் இல்லாத நாய்

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்தவர் லியோ கேனர். அவரிடம் அழைத்து வரப்பட்ட பால் என்ற ஐந்து வயதுச் சிறுவன், 'நாயை பால்கனியிலிருந்து தூக்கிப் போடாதே' என்று சொன்னான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. கேட்டவர்களுக்கு அது பிதற்றல். விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் லண்டன் ஹோட்டல் ஒன்றில் குடும்பம் தங்கியிருந்தபோது, அவன் தன் பொம்மை நாயை பால்கனியிலிருந்து கீழே போட்டிருக்கிறான். எடுத்து வந்து கொடுக்கக் கொடுக்க மறுபடி போட்டிருக்கிறான். சலித்துப்போன அம்மா எரிச்சலோடு சொன்ன வாக்கியம் அது. அன்றிலிருந்து, எதையாவது வீசவேண்டும் என்று கை பரபரக்கும்போதெல்லாம் அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லித் தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருந்தான்.

1946-ல் வெளியான கட்டுரையில் கேனர் இதை எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1943-ல், 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொடுத்தது. (1925-லேயே சோவியத் மருத்துவர் க்ரூன்யா சுகரேவா ஆறு சிறுவர்களிடம் ஏறக்குறைய இதே கூறுகளைப் பதிவு செய்திருந்தார். உலகம் அவரைக் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது.) இரண்டாவது கட்டுரையில் கேனர் சொன்னது சின்ன விஷயம்தான், ஆனால் ஆழமானது. அந்தக் குழந்தைகளின் பேச்சு சம்பந்தமில்லாத பேச்சு அல்ல. சம்பந்தம் நமக்குத் தெரியாத பேச்சு. சொல்லுக்கும் பொருளுக்கும் முடிச்சுப் போடப்பட்ட நாளில் நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு, தம்பியோடு, கணவரோடு எப்படிப் பேசுவது என்று கேட்டால், அவர்களை எப்படிப் பேசவைப்பது என்பதற்கே நம்மிடம் பதில்கள் குவிந்திருக்கின்றன. எண்பது ஆண்டு ஆய்வுகளைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. தெரியாமல் இழைக்கப்படும் கேடுகளில் பெரும்பகுதி வாயின் பக்கம் நடப்பதில்லை, காதின் பக்கம் நடக்கிறது. அதுவும் பிரியமானவர்களின் காதில்.

இதைச் சொல்லும்போதே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கறுப்பு வரலாறு ஒன்று இந்தத் துறைக்கு உண்டு. பெற்றோரின், குறிப்பாகத் தாயின், குளிர்ந்த மனமே காரணம் என்ற பேச்சுக்கு வித்திட்டவர்களில் கேனரும் ஒருவர். புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் வெளியிட்ட புத்தகம் அதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. தானே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-லேயே இது உடலியல் சார்ந்தது என்று வாதிட்டிருந்தும், பல்லாயிரம் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். 1969-ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கேனரே அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. 'வேலைக்குப் போனே, அதான்', 'செல்போனைக் கையில குடுத்தே, அதான்' என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே நோய்க் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் அத்தைமார்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்டிசம் எப்படி வந்தது என்பதற்கும், வந்த பிள்ளையோடு நாளெல்லாம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்கும் தொடர்பு இல்லை. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றியது மட்டும்.

பாலின் நாயிலிருந்து நம் சமையலறைக்கு வருவோம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் 'தண்ணி வேணுமா?' என்று வந்து நிற்பார்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அதுதானே. ஆங்கிலத்தில் இதை 'நீ', 'நான்' இடம் மாறுவதாகச் சொல்வார்கள். கேனர் பார்த்த டொனால்ட் என்ற சிறுவன், தன் ஷூவைக் கழற்றிவிடச் சொல்லி அம்மாவிடம் 'உன் ஷூவைக் கழற்று' என்பான். தமிழில் 'நீ'யும் 'நானு'ம் பாதி நேரம் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை என்பதால், கேள்வியின் 'ஆ' மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது: 'பசிக்குதா?', 'குளிக்கிறியா?', 'பாட்டு வைக்கவா?' அம்மா திருத்துகிறார்: 'தண்ணி வேணும்னு சொல்லு.' குழந்தை கவனமாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறது: 'தண்ணி வேணும்னு சொல்லு.' சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இந்த இடத்தை ஆட்டிசம் உள்ள குழந்தை வளரும் பல தமிழ் வீடுகளுக்குத் தெரியும்.

இந்த எதிரொலியை அழித்துவிட வேண்டிய கோளாறாகப் பார்த்த காலம் நீண்டது. 1981-ல் பாரி பிரிசன்ட், ஜூடித் டூகன் இருவரும் ஆட்டிசம் உள்ள நான்கு குழந்தைகளை வீடியோவில் பதிவு செய்து, ஒவ்வொரு எதிரொலியும் எந்தச் சூழலில், எந்தப் பார்வையோடும் உடலசைவோடும் வருகிறது என்று வரிவரியாக ஆராய்ந்தார்கள். ஏழு வகைப் பயன்கள் தெரியவந்தன. முறை மாறிப் பேசுவதற்கு, கேட்டதை உள்வாங்கிக்கொள்வதற்கு, ஆமாம் என்பதற்கு, வேண்டியதைக் கேட்பதற்கு என்று. மூன்றாண்டு கழித்து பிரிசன்ட், பேட்ரிக் ரைடெலுடன் சேர்ந்து, பால் சொன்னதைப் போல நாள்பட்டு வரும் எதிரொலிகளை ஆராய்ந்தபோது பதினான்கு பயன்கள் கிடைத்தன. 'சும்மா சும்மா அதையே சொல்லாதே' என்று அதட்டும்போது நாம் அடைப்பது அந்த வழிகளைத்தான். 'சொல்லு' என்பதை விட்டுவிட்டு, குழந்தை சொல்லவேண்டிய வாக்கியத்தை அதன் இடத்தில் நின்று நாமே சொல்லி — 'தண்ணி வேணும்' — டம்ளரை நீட்டினால் போதும். அடுத்த முறை எதிரொலித்தாலும் சரியான வாக்கியமே எதிரொலிக்கும்.

எதிரொலியாவது கண்ணுக்குத் தெரியும் சிக்கல். தெரியாத சிக்கல் நம் மொழியின் நயத்திலேயே இருக்கிறது. தமிழில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. அது அபசகுனம். 'போயிட்டு வரேன்' என்கிறோம். ஊருக்குத் திரும்பும் மாமா ஓராண்டுக்குப் பிறகுதான் வருவார் என்றாலும் அப்படியே சொல்கிறார். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பிள்ளை ஜன்னல் பக்கம் காத்திருக்கிறது. இருட்டுகிறது, மாமா வரவில்லை, வீடு அதிரும் அழுகை. பெரியவர்களுக்குக் காரணமே புரிவதில்லை. 'அப்புறம் பாக்கலாம்' என்றால் நம் ஊரில் பெரும்பாலும் 'கிடையாது' என்று பொருள். 'ரெண்டு நிமிஷம்' என்பதற்குக் கடிகாரத்தோடு உறவே இல்லை. 'இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்' என்று கடைத்தெருவில் சொல்வது மிரட்டல்தான் என்று மற்றப் பிள்ளைகளுக்கு நான்கு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. இவர்களில் சிலருக்கு அது அறிவிப்பு. நயத்தை விட்டுவிட வேண்டாம். பக்கத்திலேயே ஒரு பொழிப்புரை வைக்கலாம். 'மாமா ஊருக்குப் போறார். இன்னைக்குத் திரும்பி வரமாட்டார். பொங்கலுக்கு வருவார்.' காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டுக் காட்டிவிட்டால் காத்திருப்புக்கு ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

பெயரிலும் கேடு உண்டு. நம் அரசு வழக்கில் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்றொரு தொடர் புழங்குகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்தால், விஷயம் நேர் எதிராக இருக்கிறது. புற உலகம் அவர்களுக்கு அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. குழல்விளக்கின் ரீங்காரம், மிக்ஸி சத்தம், சட்டைக் காலரின் லேபிள், பக்கத்து வீட்டுத் தாளிப்பு எல்லாம் ஒரே உரப்பில் கேட்கும்போது, நடுவில் அப்பாவின் குரலைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை 'காதுல விழலையா?' என்று இன்னும் உரக்கக் கூப்பிடுகிறோம். விழுந்தவற்றின் குவியலில் மேலும் ஒன்றைப் போடுகிறோம். மிக்ஸியை நிறுத்திவிட்டு, ஒரு வாக்கியம் மட்டும் சொல்லி, பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். பதில் வர நேரமாகிறது என்று கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், பாதி வழி வந்திருந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கண் விஷயம் எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும். பெரியவர்கள் கண்டிக்கும்போது முகத்தைப் பார்த்து நின்றால் 'என்னடா முறைக்கிறே' என்று அடி விழும் ஊர் நம்முடையது. அதே ஊரில், மேற்கிலிருந்து வந்த பயிற்சிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு 'என் கண்ணைப் பார்', 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மோவாயைத் திருப்புகிறோம். நுஷின் ஹஜிகானியின் குழு 2017-ல் வெளியிட்ட மூளைப்படம் சார்ந்த ஆய்வில், முகப் படங்களின் கண் பகுதியை மட்டுமே பார்க்கும்படி செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் முகங்களையும் அச்சத்தையும் கையாளும் அடிநிலைப் பகுதிகள் இயல்புக்கு மீறிக் கிளர்ந்தது தெரியவந்தது. அவர்கள் பார்வையை விலக்குவது அக்கறையின்மையால் அல்ல, தாங்கமுடியாமையால் இருக்கலாம் என்பதற்கு இது வலுவான தடயம். பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டால்தான் கேட்க முடியும் என்று சொல்பவர்கள் பலர். கேட்க வேண்டுமா, பார்க்க வேண்டுமா என்று நாம் முடிவு செய்துகொள்வது நல்லது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்ற கருத்துக்குப் பெரிய வலு சேர்த்தது 1985-ல் சைமன் பேரன்-கோயன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் செய்த பொம்மைச் சோதனை. பொம்மை ஒன்று கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பி வரும் முதல் பொம்மை எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். நால்வர் சரியாகச் சொன்னார்கள் என்பதைப் பிற்காலப் பாடநூல்கள் அவ்வளவாக நினைவு வைத்துக்கொள்ளவில்லை. 2012-ல், தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், கேள்வியைத் திருப்பிப் போட்டார். அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை, சரி. நமக்கு அவர்கள் மனம் புரிகிறதா? புரியாமை இருபுறமும் இருக்கும்போது ஒருபுறத்தை மட்டும் நோயாளி என்பது என்ன நியாயம்? 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இதைச் சோதித்தவர்களில் எடின்பரோவின் கேத்தரின் கிராம்ப்டன் முக்கியமானவர். சிறுவயதில் வரிசையாக உட்கார்ந்து காதோடு காதாகச் செய்தி கடத்தி விளையாடுவோமே, அதைத்தான் 72 பேரைக் கொண்டு செய்தார். எட்டு எட்டுப் பேராக ஒன்பது வரிசைகள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் கொண்ட வரிசையில், கதை மற்றவர்களின் வரிசையில் போலவே பெரிதும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பினரும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. 2020-ல் வெளியான இந்த முடிவு மேடைதோறும் பேசப்பட்டது. ஆனால் 2025-ல் அதே குழுவினர் 300-க்கும் மேற்பட்டோரை வைத்துப் பெரிய அளவில் செய்தபோது, கலந்த வரிசையிலும் அந்தக் கூடுதல் இழப்பு தென்படவில்லை. முதல் ஆய்வைக் கொண்டாடியவர்கள் இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டாவது முடிவு இன்னும் பிடித்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தி சொல்வதில் சளைத்தவர்கள் அல்ல என்பது இரண்டிலும் நிற்கிறது. கலந்து பேசினால் உதிரத்தான் வேண்டும் என்று விதி இல்லை என்பது புதிதாகக் கிடைக்கிறது.

நோவா சாசனும் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காட்சியைப் பார்த்தவர்கள், இவரோடு பழக விருப்பமில்லை என்று சட்டென்று மதிப்பிட்டார்கள். அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை; குரலின் ஏற்ற இறக்கம், கை, முகம் இவற்றின் மேல்தான் நம் தீர்ப்பு. இங்கிருந்து வீட்டுக்கு ஒரு வழி திறக்கிறது. நேரில் பேசித் தீராத சண்டையை வாட்ஸ்அப்பில் எழுதித் தீர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு செய்தி அனுப்புகிறார்களே என்று பாட்டி தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆட்டிசம் உள்ள 245 பெரியவர்களிடம் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கேட்டபோது, தொலைபேசியைத் தவிர்த்து எழுத்தையே அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். 'உனக்கு எப்படி இருக்கு?' என்ற கேள்வியையும் எழுத்தில், சில விடைகளோடு, வைப்பது உதவும். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தம் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே கடினம் என்று 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மௌனத்தைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால், பதில் தேடிக்கொண்டிருப்பவரைத் தண்டிக்கிறோம்.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு கேடு உண்டு. பேச்சு தாமதமான குழந்தையைப் பார்த்ததும், 'ரெண்டு பாஷை குழப்பும், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க' என்ற அறிவுரை சென்னையிலும் கிடைக்கும், டொரண்டோவிலும் கிடைக்கும். அம்மா தனக்கு முழுதாக வராத மொழியில் ஏவல்களை மட்டும் பேசத் தொடங்குகிறார்: கம், சிட், ஈட். தாலாட்டு, கிண்டல், திட்டு, கொஞ்சல் எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போய்விடுகின்றன. தாத்தாவும் பாட்டியும் குழந்தைக்கு ஊமைகளாகிவிடுகிறார்கள். கனடாவில் கேத்தரின் ஹாம்ப்ளி, எரிக் ஃபோம்போன் இருவரும் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஒப்பிட்டு 2012-ல் எழுதினார்கள்: இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் மொழித் தாமதம் எதுவும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு கடைப்பிடிக்கப்பட்டு, எந்த ஆதாரமும் இல்லாமல் இத்தனை வீடுகளின் வாயை அடைத்த அறிவுரை வேறு உண்டா என்று தெரியவில்லை.

வாய்ப்பேச்சே வராதவர்கள் இருக்கிறார்கள். படங்களைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் கருவிகளும் செயலிகளும் அவர்களுக்கு உண்டு. அஜித் நாராயணன் சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி உருவாக்கிய ஆவாஸ் இன்று தமிழிலும் இயங்குகிறது. 'இதைக் கொடுத்தால் அப்புறம் பேசவே மாட்டான்' என்ற பயம் வீடுகளில் பொதுவானது. 2006-ல் டயான் மில்லரும் குழுவினரும் நம்பத்தகுந்த ஆய்வுகளிலிருந்து எடுத்த 27 பேரில், இத்தகைய உதவிக்குப் பிறகு 89 சதவீதம் பேரின் பேச்சு முன்னேறியிருந்தது. ஒருவருக்கும் குறையவில்லை.

கேட்க வேண்டும் என்ற ஆசையே கேடாகிப்போன கதையும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பேசாத பிள்ளையின் கையை உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, விசைப்பலகையில் அவர்கள் கவிதையும் காதலுமாகத் தட்டச்சு செய்வதாக ஒரு முறை பரவியது. பெற்றோர் அழுதார்கள். ஏன் அழமாட்டார்கள்? நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் 12 பேரை வைத்துச் செய்த எளிய சோதனை 1993-ல் வெளியானது. தட்டச்சு செய்பவருக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறொரு படம் காட்டினார்கள். படத்தோடு பொருந்தி வந்த விடையெல்லாம் உதவியாளர் பார்த்த படம். உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; தங்கள் கைதான் எழுதுகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இதற்கிடையில் இப்படித் தட்டச்சான பொய்யான பாலியல் புகார்களால் குடும்பங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. பிள்ளையின் வாயில் நம் சொல்லை ஊட்டுவதும் ஒருவகைச் செவிட்டுத்தனம்தான்.

அப்படியானால் எதை நம்புவது? ஆன் டானலன் 1984-ல் ஒரு அளவுகோல் கொடுத்தார். உறுதியான தகவல் இல்லாதபோது, தவறாகப் போனாலும் மிகக் குறைந்த கேடு தரும் ஊகத்தை வைத்துக்கொண்டு நடந்துகொள். புரியாது என்று எண்ணி அவன் எதிரிலேயே 'இவனால எங்க நிம்மதியே போச்சு' என்று பேசினால், அவனுக்குப் புரிந்திருந்தால் அந்தக் காயத்துக்கு மருந்து இல்லை. புரியும் என்று எண்ணிக் குரலைத் தாழ்த்தினால், புரியாமலிருந்தாலும் நட்டம் எதுவும் இல்லை.

பேசக் கற்றுக்கொடுப்பதில் நாம் முதலில் பிடித்துக்கொள்வது கீழ்ப்படிதலை. 1960-களில் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் தொடங்கிய பயிற்சிமுறையில் அறையும் அதட்டலும் வெளிப்படையாகவே இருந்தன. இன்று அவை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டன. ஆனால் 'சொன்னதைச் செய்தால் பரிசு' என்ற சட்டகம் நிற்கிறது. அதைப் பற்றிய சண்டையும் நிற்கிறது. கையை ஆட்டாதே, சிரித்துப் பேசு, அத்தைக்கு முத்தம் கொடு என்று பழக்கப்பட்டவர்கள் பெரியவர்களான பிறகு எப்போதும் வேஷம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வேஷத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை சாரா கேசிடியின் குழு 2018-ல் காட்டியது. என்னைக் கேட்டால், பேச்சாகவோ படமாகவோ சைகையாகவோ முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய சொல் 'வேண்டாம்'. அதைச் சொன்னதும் அத்தை நகர்ந்துகொள்ளவும் வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத உடலை யார் வேண்டுமானாலும் தொடலாம்.

கேனரின் முதல் கட்டுரையில் 'ஆமாம்' கற்ற கதை ஒன்று இருக்கிறது. அதே டொனால்டுதான். தோளில் தூக்கிக்கொள்ளவா என்று அப்பா கேட்டார். அவன் கேள்வியையே திருப்பிச் சொன்னான். வேண்டுமென்றால் 'ஆமாம்' சொல், வேண்டாமென்றால் 'இல்லை' சொல் என்றார் அப்பா. அவன் 'ஆமாம்' சொன்னான். அதன் பிறகு நெடுநாள் அவன் அகராதியில் 'ஆமாம்' என்றால் 'என்னைத் தோளில் தூக்கு' என்று மட்டுமே பொருள்.

அந்த டொனால்ட் ட்ரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்து, உள்ளூர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, தனியாக நாடு நாடாகச் சுற்றிவிட்டு, 2023-ல் 89 வயதில் இறந்தார். 2010-ல் வெளியான கட்டுரைக்காக ஜான் டான்வன், கேரன் ஸக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் ஊருக்குப் போனபோது, அவர் மனம் நோகும்படி ஏதாவது செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே டொனால்டுக்கு ஒரு வழக்கம். பழகியவர்களுக்கு ஓர் எண் கொடுப்பார். ஏன், எதற்கு என்று விளக்கம் கிடையாது. ஆனால் கொடுத்த எண்ணை மறக்கவே மாட்டார். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பத்திரிகையாளர்கள் விசாரித்தபோது, நரைத்த தலையோடு இருந்த பழைய பள்ளித் தோழர்கள் தங்களுக்குக் கிடைத்த எண்ணைத் தயங்காமல் சொன்னார்கள்.